காயத்தின் கணக்கு – 7: அறுநூற்று நாற்பத்தேழு பெண்கள்

சென்ற வாரம் பிட்ஸ்பர்க்கில் இருந்தோம். 1906 ஜூலை தொடங்கி 1907 ஜூன் முடிய, ஒரே ஆண்டில், அந்த நகரைச் சுற்றிய அலெகனி மாவட்டத்தில் 526 பேர் வேலை செய்யும் இடத்தில் இறந்தார்கள். இரும்பாலையில், சுரங்கத்தில், ரயில் பாதையில். கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற இளம் பெண் வழக்கறிஞர் அந்தச் சாவுகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்.

'எல்லாம் தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஆலைக்காரர்கள் சொல்லிவந்தார்கள். ஈஸ்ட்மன் திரட்டிய விவரங்களின் முன்னால் அந்தப் பதில் நிற்கவில்லை. 1910இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. அமெரிக்க மாநிலங்களில் நஷ்டஈட்டுச் சட்டங்கள் வரத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான்.

ஆனால், ஈஸ்ட்மனின் வழி ஒவ்வொரு சாவாகச் சொல்லும் வழி. ஒரு சாவைச் சொன்னால் எதிர்த்தரப்பு இன்னொரு சாவைச் சொல்லும். கவனமாக இருந்தும் செத்தவன் ஒருவன் என்றால், குடித்துவிட்டு வந்து செத்தவன் இன்னொருவன். இந்த வாதத்துக்கு முடிவே இல்லை. ஆயிரக்கணக்கான காயங்களை ஒன்றாகக் குவித்து, அவற்றையே பேசவைத்தால் என்ன? அதற்கு மருத்துவமும் கணிதமும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். சந்தித்தன. சந்திக்க வைத்தது ஒரு போர்.

★

குண்டுப் பஞ்சம்

1915 மே மாதம். பிரான்சில் பிரிட்டிஷ் பீரங்கிகளுக்குப் போதுமான குண்டு இல்லை என்று 'தி டைம்ஸ்' நாளிதழ் எழுதியது. லண்டனில் அரசாங்கமே ஆட்டம் கண்டது. புதிதாக ஓர் அமைச்சகம் பிறந்தது: வெடிபொருள் உற்பத்தி அமைச்சகம். அதன் முதல் அமைச்சர் டேவிட் லாயிட் ஜார்ஜ்.

ஜூலையில் சட்டம் வந்தது. போர்த் தளவாட ஆலைகளில் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓர் ஆலையை விட்டு இன்னொன்றுக்குப் போகவும் முடியாது. கதவு இரண்டு பக்கமும் சாத்தப்பட்டது.

ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் ஆலைக்கு வந்தார்கள். வீட்டு வேலை செய்தவர்கள், தையல் வேலை செய்தவர்கள், அதுவரை இயந்திரத்தின் பக்கமே போகாதவர்கள். போர் முடிவதற்குள் அவர்கள் எண்ணிக்கை ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. டிஎன்டி வெடிமருந்து நிரப்பிய பெண்களின் தோலும் முடியும் மஞ்சளாகின. ஊரார் அவர்களை 'கேனரிப் பெண்கள்' என்று அந்த மஞ்சள் குருவியின் பெயரால் அழைத்தார்கள். 1916 டிசம்பர் 5 அன்று லீட்ஸ் அருகே பார்ன்போ ஆலையில் ஒரு குண்டு வெடித்ததில் 35 பெண்கள் இறந்தார்கள். போர்க்காலத் தணிக்கையால் அந்தச் செய்தி அன்று வெளியே வரவில்லை.

வேலை நேரம்? வாரம் 70 மணி நேரத்துக்கும் மேல். ஞாயிறும் உண்டு. அதிக நேரம் உழைத்தால் அதிகக் குண்டு கிடைக்கும் என்பதில் அமைச்சருக்கும் சந்தேகம் இல்லை, முதலாளிக்கும் இல்லை. தேசப்பற்றில் ஊறிய தொழிலாளியும் அதையேதான் நம்பினார்.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு குழு வந்தது. 1915 செப்டம்பரில் அமைந்த வெடிபொருள் தொழிலாளர் நலக் குழு. தலைவர் மருத்துவர் சர் ஜார்ஜ் நியூமன். அது வெளியிட்ட முதல் குறிப்பே ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றியதுதான். ஞாயிறு வேலையால் நாட்டுக்கு லாபமில்லை என்றது குழு. போர் நடுவில் அப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டியிருந்தது.

★

கடிகாரத்தோடு ஒரு மருத்துவர்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்போம். இந்தத் தொடரின் திருப்பங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

அந்தக் குழுவுக்காக ஆலை ஆலையாகப் போனவர் ஹெச்.எம். வெர்னன், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த உடலியல் ஆய்வாளர். அவர் ஆலையில் எதையும் மாற்றவில்லை. ஆலைகள் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த பேரேடுகளைக் கேட்டு வாங்கினார். எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை உருப்படி, யாருக்கு எவ்வளவு கூலி. கூலி கொடுக்க எழுதிய கணக்கை உடலின் கணக்காக அவர் படித்தார்.

அலுமினியத்தில் ஃபியூஸ் உடலைக் கடைசல் பிடிக்கும் பெண்கள் ஒரு பிரிவாக இருந்தார்கள். குண்டின் நுனியில் பொருத்தும் பாகம் அது. லேத்தின் முன் நின்றபடி நாள் முழுக்க அதே வேலை. தொடக்கத்தில் அவர்கள் உண்மையில் வேலை செய்த நேரம் வாரத்துக்கு 66.2 மணி. பிறகு நேரம் குறைக்கப்பட்டு 54.4 ஆனது. இன்னும் குறைந்து 45.6 ஆனது.

முதல் கட்டத்தில் ஒரு மணி நேர உற்பத்தியை 100 என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் கட்டத்தில் அது 134. மூன்றாம் கட்டத்தில் 158.

பெருக்கிப் பாருங்கள். வாரத்தில் இருபது மணி நேரத்துக்கு மேல் குறைத்த பிறகும், வாரத்தின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 9 சதவீதம் கூடியிருக்கிறது.

அதிகாரம் முழுவதும் எதை நம்பியதோ அதற்கு நேர் எதிர் இது. அந்த இருபது மணி நேரமும் அந்தப் பெண்கள் சும்மாவா நின்றார்கள்? இல்லை. நீண்ட வாரம் முழுவதற்கும் தாக்குப்பிடிக்கும்படி உடல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. நேரம் குறைந்ததும் வேகம் உடனே கூடவில்லை என்பதையும் வெர்னன் குறித்தார். புதிய நேரத்துக்கு உடல் பழக அவகாசம் தேவைப்பட்டது.

அடுத்து அவர் காயங்களின் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு பெரிய ஆலையிலும் முதலுதவி அறை இருந்தது. வெட்டுக்காயம், கண்ணில் விழுந்த உலோகத் துகள், தீக்காயம், சுளுக்கு என்று எது வந்தாலும் அங்கே பதிவாகும், எந்த மணியில் என்பது உட்பட. 1918இல் வெர்னனின் விபத்து அறிக்கை வெளிவந்தது.

ஃபியூஸ் ஆலையில் நாளுக்கு 12 மணி நேர வேலை இருந்தபோது பெண்களுக்கு நேர்ந்த விபத்துகள், அது 10 மணி நேரமான பிறகு நேர்ந்தவற்றைப்போல் இரண்டரை மடங்கு. ஆண்களிடம் இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஏன் என்று யோசித்தால், ஆலையை விட்டு வெளியேறியதும் பெண்ணுக்கு அடுத்த ஷிஃப்ட் வீட்டில் காத்திருந்தது என்பதே எனக்குத் தோன்றும் பதில். ஆலையின் கடிகாரத்தில் அந்த மணிகள் பதிவாவதில்லை.

வெப்பநிலையையும் அவர் விடவில்லை. ஏறத்தாழ 65 முதல் 69 டிகிரி ஃபாரன்ஹீட் வரை விபத்துகள் மிகக் குறைவு. குளிர் கூடினாலும் கூடும், வெக்கை கூடினாலும் கூடும். விறைத்த விரலுக்கும் வியர்த்த கைக்கும் 'கவனமாக இரு' என்று சொல்லிப் பயனில்லை.

வெர்னன் மீது எனக்குப் பெரிய மரியாதை வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தன் கருத்துக்கு ஒத்துவராததையும் அவர் எழுதினார். களைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், இரவு ஷிஃப்டில் விடியற்காலை நெருங்க நெருங்கக் காயங்கள் கூட வேண்டும். நடந்தது வேறு. இரவு தொடங்கும்போதுதான் அதிகம், பிறகு இறங்கிக்கொண்டே போனது. வெளியிலிருந்து கலகலப்போடும் பரபரப்போடும் வந்தவர்கள், நேரமாக ஆக அடங்கி வேலையில் அமர்ந்தார்கள் என்று அவர் விளக்கினார். வேலைக்கு வருபவரின் மனநிலையும் விபத்தின் கணக்கில் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஆகவே மனிதரின் பங்கை வெர்னன் மறுக்கவில்லை. அந்த மனிதர் எத்தனை மணி நேரம் நிற்கிறார், எந்தக் குளிரில் நிற்கிறார், எந்த வேகத்தில் ஓட்டப்படுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தார்.

அதே ஆண்டுகளில், அதே விதமான ஆலைகளின் பதிவேடுகளை வேறு இருவரும் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

★

301 காயங்கள்

மேஜர் கிரீன்வுட். ராணுவப் பட்டம் என்று நினைக்கத் தோன்றும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரே அதுதான். கிழக்கு லண்டனில் வைத்தியம் பார்த்த அவர் தந்தைக்கும் அதே பெயர். மகனும் மருத்துவம்தான் படித்தார். ஆனால், கார்ல் பியர்சனிடம் புள்ளியியல் பயின்ற பிறகு அவர் வாழ்க்கை எண்களின் பக்கம் போய்விட்டது. அவருடன் ஆய்வில் இணைந்தவர் ஹில்டா வுட்ஸ்.

1918இல், போரில் கற்ற பாடம் வீணாகக்கூடாது என்று தொழிற்களைப்பு ஆய்வு வாரியம் அமைக்கப்பட்டது. அதன் நான்காவது அறிக்கையாக 1919இல் வந்தது கிரீன்வுட்டும் வுட்ஸும் எழுதிய சிறு ஆய்வு. ஒருவருக்கே பல விபத்துகள் நேர்வது ஏன் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

அவர்கள் கையில் இருந்த பட்டியல்களில் ஒன்றைப் பார்ப்போம். வெடிகுண்டு வேலையில் இருந்த 647 பெண்கள். ஐந்து வாரங்கள். அந்த ஐந்து வாரங்களில் 447 பேருக்கு ஒரு காயமும் இல்லை. 132 பேருக்கு ஒரு முறை. 42 பேருக்கு இரண்டு முறை. 21 பேருக்கு மூன்று. மூவருக்கு நான்கு. இருவருக்கு ஐந்து.

மொத்தம் 301 காயங்கள். கூட்டிப் பார்த்தால், ஒரு முறைக்கு மேல் காயம் பட்ட 68 பேரே அதில் பாதிக்கும் மேல், 169 காயங்களைச் சுமந்திருக்கிறார்கள்.

இந்த 68 பேரைப் பார்த்ததும் ஒரு மேற்பார்வையாளர் என்ன சொல்வார்? 'இவர்கள் சரியில்லை' என்பார். கிரீன்வுட் அவ்வளவு எளிதில் சொல்லவில்லை. தற்செயலே இப்படிச் செய்யுமா என்று முதலில் கேட்டார்.

647 கிண்ணங்களைத் தரையில் பரப்பி, கண்ணைக் கட்டிக்கொண்டு 301 புளியங்கொட்டைகளை வீசுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாக் கிண்ணமும் ஒரே அளவு. அப்போதும் சில கிண்ணங்களில் இரண்டு விழும், சிலவற்றில் மூன்று விழும். அந்தக் கிண்ணங்களிடம் எந்தக் குறையும் இல்லை. அப்படி எத்தனை கிண்ணத்தில் எத்தனை விழும் என்பதைக் கணிதம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

சொன்னது இது: ஏறத்தாழ 406 பெண்களுக்குக் காயமே இருக்காது. 189 பேருக்கு ஒன்று. 44 பேருக்கு இரண்டு. மூன்றும் அதற்கு மேலும் எட்டுப் பேருக்கு மட்டும்.

ஆனால், பதிவேட்டில் மூன்றும் அதற்கு மேலும் பட்டவர்கள் 26 பேர். ஒன்றுமே படாதவர்களும் கணக்கைவிட 41 பேர் அதிகம். தற்செயல் மட்டும் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது.

எது? இரண்டு வழிகளை அவர்கள் சோதித்தார்கள். ஒரு முறை அடிபட்டவருக்கு அந்த அனுபவத்தாலேயே அடுத்த விபத்தின் வாய்ப்பு மாறிவிடுகிறது என்பது ஒன்று. பயத்தில் கை நடுங்கலாம். அல்லது பாடம் கற்றுக் கவனம் கூடலாம். தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு வெவ்வேறாக இருக்கிறது என்பது மற்றொன்று.

இரண்டாவது வழியில் போட்ட கணக்கு 442, 140, 45, 14, 5, 2 என்று வந்தது. பதிவேடு சொன்னது 447, 132, 42, 21, 3, 2. இரண்டையும் வரைந்தால் ஏறத்தாழ ஒரே வளைகோடு. எவ்வளவு நெருக்கம் பாருங்கள். அடுத்த ஆண்டு கிரீன்வுட்டும் புள்ளியியலாளர் உட்னி யூலும் சேர்ந்து இதன் கணித அடித்தளத்தை விரிவாக எழுதினார்கள். புள்ளியியல் பாடப் புத்தகங்களில் இந்த 647 பெண்களும் நிரந்தரமாக இடம்பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

★

வளைகோடு சொல்லாதது

ஆலைக்காரர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. விபத்து எல்லோருக்கும் சமமாக நேர்வதில்லை. சிலருக்கே மீண்டும் மீண்டும் நேர்கிறது. அந்தச் சிலரைக் கண்டுபிடித்து விலக்கிவிட்டால் போதும். வேலை நேரத்தைக் குறைக்க வேண்டாம். இயந்திரத்துக்குத் தடுப்பு போட வேண்டாம். கூடத்துக்குக் கணப்பு வேண்டாம்.

ஆனால், வாய்ப்பு வெவ்வேறாக இருந்தது என்று மட்டும்தான் அந்தக் கணக்கு சொன்னது. அது அந்தப் பெண்ணின் சுபாவத்திலா, அவள் நின்ற இடத்திலா என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எல்லோரும் ஒரே சூழலில் வேலை செய்தார்கள் என்பது அந்த ஆய்வு வைத்துக்கொண்ட அனுமானம். ஒரே கூடத்தில் ஒருத்தி கூர்மையான சீவல்கள் தெறிக்கும் லேத்தில் நிற்கலாம், இன்னொருத்தி முடிந்த உருப்படியை அளந்து பார்க்கும் மேசையில் உட்காரலாம். பட்டியலில் இருவரும் ஒன்று.

இன்னொரு சிக்கலும் வந்தது. 1923இல் எகன்பெர்கரும் கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யாவும் தொற்றுநோய்க் கணக்கு ஒன்றை ஆராய்ந்து, ஏறத்தாழ அதே வளைகோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தொடங்கிய இடம் வேறு: எல்லோரும் தொடக்கத்தில் சமம், ஒரு முறை நேர்ந்தால் மறுமுறை நேரும் வாய்ப்பு கூடுகிறது. எதிரெதிரான இரண்டு காரணங்கள் ஒரே வடிவத்தைத் தர முடியும் என்றால், வடிவத்தை மட்டும் பார்த்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. இதை உரக்கச் சொல்ல வேண்டிய நேரம் அது. தொழிற்சாலைகளின் காதில் விழும்படி யாரும் சொல்லவில்லை.

இதைச் சரியாக உணர்ந்தவர் ஒருவர் இருந்தார்: எதெல் நியூபோல்ட். 1926இல் அதே வாரியத்துக்காக, பதின்மூன்று ஆலைகளில் ஒன்பதாயிரத்தை நெருங்கும் தொழிலாளர்களின் விபத்துப் பதிவுகளை அலசினார். சிலருக்கு அதிகம் நேர்கிறது என்பது அவருக்கும் தெரிந்தது. அதில் ஆளின் இயல்புக்கும் பங்கு இருக்கலாம் என்றார். எவ்வளவு என்று சொல்ல மறுத்தார். அதிகம் விபத்துக்கு உள்ளானவர்களே சிறு உடல்நலக் குறைகளுக்காகவும் முதலுதவி அறைக்கு அதிகம் வந்திருந்ததை அவர் கவனித்தார். அப்படியானால் நாம் எண்ணுவது விபத்தையா, அல்லது காயத்தைக் காட்டிச் சிகிச்சை கேட்கும் வழக்கத்தையா? உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒருத்தி, வெட்டுப்பட்ட விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால், பதிவேட்டில் அவள் விபத்தே இல்லாதவள்.

1928இல் ராயல் புள்ளியியல் சங்கத்தின் வெள்ளி 'கை' (Guy) பதக்கம் நியூபோல்டுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். ஐந்தே ஆண்டுகளில், 1933இல், இறந்துவிட்டார். அவருடைய எச்சரிக்கை அவரோடு நின்றுபோனது இந்த வரலாற்றின் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

ஏனென்றால், அதே 1926இல் அந்த வளைகோட்டுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. உளவியல் ஆய்வாளர்கள் எரிக் ஃபார்மரும் இ.ஜி. சேம்பர்ஸும், சிலருக்கு 'விபத்து நாட்டம்' இருக்கிறது என்று எழுதினார்கள். ஜெர்மனியில், வூர்ட்ஸ்பர்க் உளவியலாளர் கார்ல் மார்பேயும் தனியாக அதே முடிவுக்கு வந்து அந்த ஆண்டிலேயே புத்தகம் வெளியிட்டார். அதுவரை எண்களுக்கு நடுவே இருந்த ஒரு வித்தியாசம் அன்றிலிருந்து மனிதருக்குள் இருக்கும் ஒரு குணமாகிவிட்டது.

வெர்னனின் முடிவை ஏற்றால் முதலாளி செலவழிக்க வேண்டும். விபத்து நாட்டத்தை ஏற்றால் தொழிலாளியைத் தேர்வுக்கு அனுப்பினால் போதும். எந்த ஆய்வு சரி என்று பார்த்தா உலகம் தேர்ந்தெடுத்தது? எது மலிவு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்றே நான் சொல்வேன்.

★

ஹார்ட்ஃபோர்டில் ஒரு மேசை

இப்போது கடலைத் தாண்டுவோம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகரம். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஊர். நஷ்டஈட்டுச் சட்டங்கள் வந்த பிறகு ஒவ்வொரு விரலுக்கும், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தொகை இருந்தது. அந்தத் தொகையைக் கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. விபத்து ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களைவிட அவசரம் யாருக்கு இருந்திருக்கும்?

டிராவலர்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறியியல் பிரிவில் ஹெர்பர்ட் வில்லியம் ஹைன்ரிச் வேலை பார்த்தார். 1920களில் அவர் விபத்துக் கோப்புகளைத் திரட்டத் தொடங்கினார். கம்பெனியே பணம் கொடுத்து முடித்த வழக்குகள் 12,000. ஆலை உரிமையாளர்களின் பதிவுகளிலிருந்து 63,000. மொத்தம் 75,000. கிரீன்வுட் பார்த்த 301 காயங்களோடு ஒப்பிட்டால் இது ஒரு மலை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்று அவர் பிரித்தார். தவிர்க்கவே முடியாதவை 2 சதவீதம். இயந்திரத்தின் குறையும் சூழலின் குறையும் 10 சதவீதம். மனிதரின் ஆபத்தான செயல் 88 சதவீதம்.

கூட்டினால் சரியாக நூறு. அதாவது, ஒவ்வொரு விபத்துக்கும் ஒரே ஒரு காரணம். பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்த ஒருவர், தடுப்பு இல்லாத இயந்திரத்தில் கையை வைத்தால், அது எந்தப் பெட்டியில் போகும்?

1931இல் ஹைன்ரிச்சின் புத்தகம் வந்தது. அந்த 88, பாதுகாப்புப் பயிற்சிகளிலும் சுவரொட்டிகளிலும் பல பத்தாண்டுகள் வலம் வரப்போகிறது. ஈஸ்ட்மன் தகர்த்ததாக நினைத்த அந்தப் பழைய பதில், இந்த முறை சதவீதக் குறியோடு திரும்பி வந்திருந்தது.

ஹைன்ரிச் எண்ணியது விபத்துகளை அல்ல. விபத்தைப் பற்றி எழுதப்பட்ட தாள்களை. 75,000 தாள்கள். அவற்றில் 'காரணம்' என்ற இடத்தை நிரப்பியபோது பேனா யாருடைய கையில் இருந்தது? அடிபட்டவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

(அடுத்த வாரம்)